அம்மாவின் கண்ணும் தங்கையின் சம்பளச் சீட்டும்

அம்மாவுக்கு 64 வயது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். மாத ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலேயே எடுக்கலாம் என்பதால், அந்தப் பணம் எப்போதோ எங்கள் லயத்து வீட்டுக் கூரைத் தகரமாகிவிட்டது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனைகளும் கண்டிக்குப் போய்வரும் வேன் கூலியும்தான் கையைக் கடிக்கின்றன.

இடது கண்ணில் புரை என்றதும், ஹட்டனிலிருந்து ஒரு காப்புறுதி முகவரை வரவழைத்தேன். படிவத்தை மளமளவென்று நிரப்பியவர், ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"சீனி வருத்தத்தை எழுத வேண்டாம் தம்பி. கட்டுப்பணம் கூடிவிடும்."

அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பொலித்தீன் உறையில் சுற்றிய கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 2013 முதல் மாதத்துக்கொரு வரி, சீனி அளவு. நாளைக்குப் பணம் கேட்டால் நிறுவனம் முதலில் கேட்கப்போவது அந்தக் கொப்பியைத்தான்.

உள்ளதை எழுதினோம். கட்டுப்பணம் கூடியது; முதல் இரண்டு வருடங்களுக்குப் பணம் தராத நோய்களின் பட்டியலில் கண்புரையும் இருந்தது. போதாததற்கு, வாட்டில் இரவு தங்கினால்தான் காசு. கண்புரை வெட்டுகிறவர்களோ அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்! படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. தங்கை அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. அரசாங்க ஊழியர்களுக்கான ‘அக்ரஹார’ மருத்துவக் காப்புறுதிக்கென்று மாதாமாதம் அவள் சம்பளத்தில் கழிகிறது. அதை நடத்துவது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். திருமணமானவர் என்றால் துணையும் பிள்ளைகளும் அதில் அடங்குவார்கள். ஆகாதவர் என்றால் பெற்றோர். சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை.

இழுத்தடித்தது பெயர்தான். அம்மா அடையாள அட்டையில் ‘ராமாயி’, தங்கையின் பிறப்புச் சான்றிதழில் ‘ரமாய்’. மலையகத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, அதிபரின் கையொப்பம் வாங்கி, வலயக் கல்வி அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்தோம்.

இடது கண் இப்போது தெளிவு. போன வாரம் தங்கைக்கு வரன் கொண்டுவந்த தரகரை அம்மா தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்.

"தைக்குப் பிறகு பேசலாம். வலது கண்ணும் முடியட்டும்."