பெஞ்ச் யாரு?

பழைய வண்ணாரப்பேட்டையில் யாராவது "பொண்ணு அமெரிக்காவுல என்னா படிக்குது" என்று கேட்டால் எங்கம்மா ஒரே வரியில் முடித்துவிடுவார்: "ஜட்ஜுங்களப் பத்திப் படிக்குது." உடனே அடுத்த கேள்வி வரும், "அப்ப வக்கீலா?" இல்லை. சட்டம் படித்தது உண்மைதான், அதுவும் ஐகோர்ட்டை ஒட்டி இருந்த பழைய சட்டக் கல்லூரியில் (1891இல் தொடங்கியது, 2018இல் ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது), ஆனால் கவுன் மாட்டிக்கொண்டு ஒரு வாய்தாகூட வாங்கியதில்லை. அப்பீல் கோர்ட் நீதிபதிகள் எப்படி முடிவுக்கு வருகிறார்கள் என்று ஆராய்வதுதான் என் பிழைப்பு. இது சட்டத்துறைக்குள் வராது, அரசியல் அறிவியலில் வரும். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாரையும் இன்றுவரை நம்பவைக்க முடியவில்லை.

2016இல் சிகாகோவுக்கு வந்தேன். குளிரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். எனக்குப் பெரிய பாடாக இருந்தது வீடு பிடிப்பது. கிரெடிட் ஸ்கோர் இல்லாத ஆளுக்கு வீடு கிடையாது, வீடு இல்லாமல் விலாசம் கிடையாது, விலாசம் இல்லாமல் மற்ற எதுவும் நகராது. கடைசியில் ஒரு தெலுங்கு அக்காவோடு அறையைப் பகிர்ந்துகொண்டேன். டெவான் அவென்யூ கடைகளில் முருங்கைக்காய் முதல் எல்லாம் கிடைக்கும், நெத்திலிக் கருவாடுகூட ஒருநாள் கிடைத்தது. அதை வறுக்கப்போய்ப் புகை அலாரம் அடித்து மூன்று மாடியும் ஸ்வெட்டரோடு தெருவுக்கு இறங்கி நின்றதெல்லாம் தனிக்கதை. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் விற்கும் பர்மா நூடுல்ஸ், அதாவது அத்தோவுக்கு மட்டும் மாற்று கிடைக்கவே இல்லை. அந்த அக்காவுக்கு அத்தோ என்றால் என்னவென்று விளக்கியே ஒரு வாரம் போனது.

படிப்புக்கு வருகிறேன். முதல் செமஸ்டர் வகுப்பில் பிரிட்செட் என்ற அரசியல் அறிஞரைப் பற்றிப் பேச்சு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் எந்த நீதிபதி யாரோடு சேர்ந்து வாக்களிக்கிறார், யாரோடு சேருவதே இல்லை என்று 1940களில் அட்டவணை போட்டு எண்ணியவர் அவர். சட்டம் சட்டமாகத்தான் இருக்கிறது, ஜட்ஜ் அதை வாசித்துச் சொல்கிறவர்தான் என்று நம்பியவர்களுக்கு அது அதிர்ச்சி. எனக்கு அதிர்ச்சியே இல்லை. எங்கள் நைனா தம்பு செட்டித் தெருவில் ஒரு சீனியர் வக்கீலிடம் வாழ்நாள் முழுக்கக் குமாஸ்தா. சாயங்காலம் காஸ் லிஸ்ட் (மறுநாள் வழக்குகளின் பட்டியல்) வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, சீரியல் நம்பருக்கும் முன்னால், "பெஞ்ச் யாரு?" என்பதுதான், அதாவது வழக்கைக் கேட்கப்போகும் நீதிபதிகள் யார் என்று. எந்த நீதிபதி வாய்தா கேட்டால் எரிந்துவிழுவார், யார் கேஸ் கட்டை வீட்டிலேயே படித்துவிட்டு வருவார், யாரிடம் காலவரம்பு பாயிண்டை முதலிலேயே எடுக்க வேண்டும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த ஞானத்தை இங்கே எண்ணாக மாற்றி, வகுப்பெடுத்து, பட்டமும் கொடுக்கிறார்கள்!

அமெரிக்காவில் மாவட்ட அளவிலான மத்திய கோர்ட்டில் தோற்றவர் அடுத்து போவது சர்க்யூட் கோர்ட் எனப்படும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. மொத்தம் 13. சிகாகோவில் இருப்பது 7ஆவது சர்க்யூட், இல்லினாய்ஸ், இண்டியானா, விஸ்கான்சின் மூன்று மாநிலங்களுக்கும் அதுதான். அங்கே சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது, கீழ்கோர்ட் ஆவணங்கள் மட்டும்தான். மூன்று நீதிபதிகள் அமர்வார்கள். யார் யாரோடு அமர்வது என்பது ஏறக்குறைய குலுக்கல் முறை (முழுக் குலுக்கல்தானா என்று எங்கள் துறையில் ஒரு பெரிய சண்டையே உண்டு). அந்தக் குலுக்கல்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஒரே மாதிரி வழக்கு வெவ்வேறு பெஞ்சுக்குத் தற்செயலாகப் போவதால்தான் பெஞ்ச் மாறினால் முடிவு மாறுகிறதா என்று கண்டுபிடிக்க முடிகிறது. மாறுகிறது. பாலினப் பாகுபாடு வழக்குகளில் பெஞ்சில் ஒரு பெண் நீதிபதி இருந்தால் கூட உட்காரும் ஆண் நீதிபதியும் பாதிக்கப்பட்டவர் பக்கம் வாக்களிப்பது கூடுகிறது என்று 2010இல் வந்த ஒரு பெயர்பெற்ற ஆய்வு காட்டியது.

7ஆவது சர்க்யூட் இருக்கும் டெர்க்சன் கட்டடத்தின் 27ஆவது மாடிக்கு முதன்முதலில் போன காலை நன்றாக ஞாபகம் இருக்கிறது. நம் ஐகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்களையும் நெரிசலையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கறுப்பு இரும்புக் கட்டடம் ஏதோ பேங்க் ஹெட் ஆபீஸ் மாதிரிதான் பட்டது. இந்தக் கோர்ட்டின் விசேஷம், பெஞ்சில் யார் என்பது வாதம் நடக்கும் அன்று காலைதான் தெரியும். பெயர்களைப் பார்க்க வக்கீல்கள் வந்து நின்றார்கள். நடுவயதுக்காரர் ஒருவர் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்து கையில் இருந்த தாளில் முதல் பத்தியைக் குறுக்கே அடித்துவிட்டு ஓரத்தில் ஏதோ கிறுக்கினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் அது அப்படியே எங்கள் நைனா செய்கிற காரியம். உள்ளே அவர் எழுந்து இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது. ஒரு தரப்புக்குச் சில நிமிடங்கள்தான், சிவப்பு விளக்கு எரிந்ததும் வாய்மூடிவிட வேண்டியதுதான். பாஸ் ஓவர் (வழக்கைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்வது) இல்லை, "சீனியர் வேற கோர்ட்ல இருக்கார் மைலார்ட்" இல்லை. இந்த வாதம்கூட எல்லா வழக்குக்கும் கிடைக்காது. நாடு முழுக்கப் பார்த்தால் பெரும்பாலான அப்பீல்கள் தாளைப் படித்தே முடிகின்றன, கீழ்கோர்ட் தீர்ப்பு மாறுவது நூற்றுக்குப் பத்துகூடத் தேறாது.

வாரா வாரம் போனில் இதையெல்லாம் நைனாவிடம் சொல்வேன். அவரை அதிரவைத்த விஷயம் ஒன்றே ஒன்று, சட்டப்படிப்பு முடித்த கையோடு வரும் இளம் கிளார்க்குகள்தான் பல நீதிபதிகளுக்குத் தீர்ப்பின் முதல் வரைவை எழுதுகிறார்கள் என்பது. "தீர்ப்ப புள்ளைங்க எழுதுதா?" என்றவர் அன்று முழுக்க அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

2018இல் நிலைமை தலைகீழானது, அவர் பேசினார், நான் கேட்டேன். சென்னை ஐகோர்ட்டில், தினகரன் பக்கம் போன 18 எம்எல்ஏக்களைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்த வழக்கு. ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி சபாநாயகர் முடிவு செல்லும் என்றார், கூட அமர்ந்த நீதிபதி சுந்தர் செல்லாது என்றார். இரண்டு பேர் பெஞ்சில் இதுதான் சிக்கல், மூன்றாவது நீதிபதிக்குப் போக வேண்டும். முதலில் ஒருவரை நியமித்து, பிறகு உச்ச நீதிமன்றம் அவருக்குப் பதில் நீதிபதி சத்தியநாராயணனிடம் கொடுத்து, அக்டோபர் 25 அன்று செல்லும் என்று தீர்ப்பு வந்தது. இடையில் அத்தனை மாதமும் டீக்கடையில் ஒரு ஆட்சியின் ஆயுளை ஒரு மனிதரின் பெயரில் வைத்துப் பேசினார்கள் என்றார் நைனா. அவரும் பந்தயம் கட்டியிருப்பார் என்று நினைத்துக் கேட்டேன். திட்டினார். "யாரு ஜெயிப்பான்னு தெரிஞ்சிக்கவா பெஞ்ச் யாருன்னு கேக்கறோம்? எத முதல்ல சொல்லணும்னு தெரிஞ்சிக்கத்தாம்மா."

சும்மா சொன்னதுதான், ஆனால் என் ஆய்வு அங்கேதான் திரும்பியது. எங்கள் துறையின் பெரும்பகுதி நீதிபதியின் வாக்கை முன்கூட்டிச் சொல்வதிலேயே குறியாக இருக்கிறது, எந்தக் கட்சி ஜனாதிபதி நியமித்தார், எந்தப் பக்கம் சாய்வார் என்று. அந்தச் சாய்வைத் தெரிந்துகொண்ட வக்கீல் என்ன செய்கிறார் என்று பார்த்தவர்கள் குறைவு. வாஷிங்டனில் உள்ள சர்க்யூட் கோர்ட்டில் பெஞ்ச் யாரென்று வாரக்கணக்கில் முன்பே சொல்லிவிடுவார்கள், சிகாகோவில் அன்று காலைதான். இரண்டு கோர்ட்டும் வாதங்களின் ஒலிப்பதிவைப் பொதுவில் வைக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டால் ஏதாவது சிக்கும் என்று உட்கார்ந்தேன். ராத்திரி பகலாக ஹெட்போனில் வக்கீல்கள் குரல், அக்கா பக்கத்தில் தெலுங்கு சீரியல்.

பட்டம் வாங்கி இப்போது இண்டியானாவில் ஒரு சின்ன ஊரில் வேலை. தமிழ்க் கடை இல்லை, அரிசி வாங்கவே காரில் நெடுந்தூரம். ஊர் மாறினாலும் கோர்ட் மட்டும் அதே 7ஆவது சர்க்யூட்தான். இங்கே மத்திய நீதிபதிக்கு ஓய்வு வயதே இல்லை, நியமித்தால் ஆயுள் முழுக்க. அவர்களைப் பற்றி ஆராய்கிற நானோ எச்1பி விசா தேதியைப் பார்த்துப் பார்த்து, டென்யூர் (பல்கலைக்கழக நிரந்தர வேலை) கிடைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து சென்னை ஐகோர்ட்டில் இதையே செய்து பார்க்க ஆசை. நம்மூரில் குலுக்கல் கிடையாது, யார் எந்த வகை வழக்கைக் கேட்பது என்பதைத் தலைமை நீதிபதிதான் ரோஸ்டர் போட்டு முடிவுசெய்கிறார், அதனால் அமெரிக்கக் கணக்கு அங்கே நேராக ஒத்துவராது. பழைய காஸ் லிஸ்டுகளைச் சேர்த்து, எந்த ரோஸ்டரில் வக்கீல்கள் எதை அவசரமாக மென்ஷன் செய்தார்கள் (சீக்கிரம் எடுக்கச் சொல்லி நீதிபதியிடம் கேட்டார்கள்), எதை இழுத்தடித்தார்கள் என்று நைனா ஒரு நோட்டில் எழுதித் தருகிறார். கையெழுத்தை அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், பாதி மங்கல். 2004இல் மதுரைக் கிளை திறந்ததும் தெற்கு ஜில்லா வழக்குகள் அங்கே போய்விட்டன, அவற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மதுரையில் பழைய குமாஸ்தா யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.