ஜப்பானிய சீஸ்கேக், ஆறாவது தடவை: விரிசல் ஒழிந்தது, உடுக்கை இடுப்பு ஒழியவில்லை

மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை! ஒரே சீரான பழுப்பு, தட்டை அசைத்தால் தளதளவென்று ஆடுகிறது. ஆனால் அடுப்பிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடம் பக்கவாட்டு உள்வாங்கி, கேக் உடுக்கை மாதிரி ஆகிவிடுகிறது.

இலக்கு, ஜப்பானின் ஒசாகா நகரில், நம்பா பகுதியில் இருக்கும் ரிகுரோ ஓஜிசான் ('ரிகுரோ மாமா') கடை கேக். 1984 முதல் விற்கிறார்கள். அடியில் உலர்திராட்சை, மேலே சூடு போட்ட மாமா முகம், புதிதாக வெந்து வந்ததும் மணியடிப்பார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் வரிசையைப் பார்த்து நில்லுங்கள்: இப்போது வெந்ததற்குத் தனி வரிசை, முன்பே வெந்ததற்குத் தனி வரிசை. அந்த ஆட்டம் சூட்டில் மட்டும்தான். பாதியைச் சுடச்சுடச் சாப்பிட்டு, மீதியை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிடுங்கள். இறுகி, சீஸ் வாசம் தூக்கி, வேறு பண்டமாகவே இருக்கும்.

18 செ.மீ. டின்னுக்கு இந்தத் தடவை போட்ட அளவு: க்ரீம் சீஸ் 200 கிராம், வெண்ணெய் 40, பால் 90 மி.லி., மஞ்சள் கரு 5, மைதா 45, கார்ன்ஃப்ளார் 15, சர்க்கரை 100, எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன். கார்ன்ஃப்ளாரை விடாதீர்கள்; ஜப்பானியர்கள் போடும் மாவைவிட நம் மைதாவில் புரதம் அதிகம், கேக் இழுவையாகிவிடும்.

முட்டையை எண்ணிப் போடுவதுதான் பெரிய தப்பு. ஜப்பானில் 'எம்' அளவு முட்டையே 58 கிராமுக்குக் குறையாது, 'எல்' 64-லிருந்து. நம் கடை முட்டை பல சமயம் 50-ஐத் தாண்டுவதே பெரிது. வெள்ளைக்கருவை நிறுத்துப் போடுங்கள், 170 கிராம் வேண்டும். குறைந்தால் ஆறாவது முட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி அடிக்கும் பதம். விரிசலுக்குக் காரணம் அடுப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். பாதிப் பழி இங்கேதான். வெள்ளைக்கரு ஃபிரிட்ஜ் குளிரில் இருக்கட்டும். நுரைத்ததும் சர்க்கரையை மூன்று தடவையாகப் போட்டு, நடுத்தர வேகத்தில் அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி கிளி மூக்கு மாதிரி வளைந்து தொங்க வேண்டும். நட்டுக்கொண்டு நின்றால் கெட்டது: கேக் வேகமாக எழும்பி, வெடித்து, பொசுக்கென்று அமுங்கும். பதம் வந்த பிறகும் மிகக் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பெரிய குமிழிகள் உடைந்து, நுரை ஷேவிங் க்ரீம் போல மினுங்கும். இனிப்பு கூடுகிறதே என்று சர்க்கரையைக் குறைத்தால் நுரை நிற்காது.

நுரையைக் கலக்கும்போது சீஸ் கலவை (சீஸ், வெண்ணெய், பால், மஞ்சள் கரு, மாவு எல்லாம் சேர்ந்தது) கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். ஆறினால் கெட்டியாகி நுரையோடு சேராமல் கீழே தங்கும். அடியில் களி மாதிரி ஒரு படலம் வருவது அதனால்தான்.

ஓடிஜியின் (மேசைமேல் வைக்கும் மின் அடுப்பு) வெப்பத் திருகு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். 150 டிகிரி செல்சியஸ் வைத்தால் உள்ளே தெர்மாமீட்டர் 170 காட்டியது. இப்போது கீழ்த்தட்டு, ஃபேன் இல்லை, டின்னைச் சுற்றித் தட்டில் 2 செ.மீ. வெந்நீர், உள்ளே 160-ல் 15 நிமிடம், 140-ல் 50 நிமிடம், பிறகு கதவு சற்றே திறந்திருக்கும்படி மரக்கரண்டி செருகி 15 நிமிடம். அடி கழலும் டின்னுக்கு ஃபாயில் சுற்றினாலும் தண்ணீர் கசியும். அதைப் பெரிய கேக் டின்னுக்குள் இறக்கி, அந்த டின்னைத் தண்ணீரில் வையுங்கள்.

சீஸ் வாங்கும்போது ரொட்டியில் தடவும் டப்பா வகை வேண்டாம், நீர் அதிகம். பேக்கரிச் சாமான் கடையில் ஒரு கிலோ கட்டியாக வாங்கினால் மலிவு. ஃப்ரீசரில் வைத்தால் மணல் மணலாகும், நாலு பேர் பங்கிட்டுக்கொள்வது நல்லது. திராட்சையைத் துடைத்து, மைதாவில் புரட்டி, டின் அடியில் பரப்ப வேண்டும். அது ஏழாவது தடவைக்கு.

அதற்கு முன் இடுப்பு. சந்தேகம் இரண்டு: நடுவில் வேக்காடு போதவில்லை, அல்லது டின்னுக்குள்ளேயே ஆறுவதால் நீராவி பக்கங்களை நனைத்துத் தளர்த்துகிறது. முதலில் 140-ல் பத்து நிமிடம் கூட்டிப் பார்க்கிறேன். டின்னின் உள்பக்கம் சுற்றி வைக்கும் காகிதத்துக்கு உட்புறம் வெண்ணெய் தடவி, எடுத்ததும் டின்னை ஒரு சாண் உயரத்திலிருந்து மேடையில் தட்டி, ஐந்தே நிமிடத்தில் கழற்றிவிடுவது அதற்கடுத்த தடவை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாது.