பெட்டி நிரம்பியிருக்கும், மணல் குறைந்திருக்கும்

35 லிட்டர் அளவுப் பெட்டியில் காய்ந்த மணலைத் தட்டாமல் நிரப்பி எடை போட்டால் சுமார் 56 கிலோ வரும். அதே பெட்டியில், கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கிற ஈர மணலை நிரப்பினால் 47 கிலோ தேறுவதே கஷ்டம். அதிலும் இரண்டு கிலோவுக்கு மேல் தண்ணீர். தண்ணீர் சேர்ந்தால் எடை கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் மணல் உப்பிவிடுகிறது; பெட்டிக்குள் கிட்டத்தட்ட பாதி வெறும் காற்று.

ஒவ்வொரு மணல் பரலைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் பிடிக்கிறது. அதன் பரப்பு இழுவிசை பரல்களை நெருங்கி உட்கார விடாமல் தள்ளி நிறுத்துகிறது. ஈரம் எடையில் 4 முதல் 6 சதவீதம் இருக்கும்போதுதான் இந்த உப்பல் உச்சத்துக்குப் போகும். பருமனான மணலில் 15 முதல் 20%, நடுத்தர மணலில் 20 முதல் 30%, நைஸ் மணலில் 40% வரைகூட. அதற்கு மேல் தண்ணீர் ஏற ஏறப் படலம் உடைந்து பரல்கள் கீழே இறங்கும். முழுக்க நீரில் மூழ்கிய மணல் காய்ந்த மணலின் அளவுக்கே திரும்பிவிடும். சைட்டில் இதை அப்படியே தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மழையில் ஊறிச் சொட்டுகிற குவியலைப் பார்த்துப் பயப்படுவார்கள். லேசாக நனைந்த குவியலைக் கண்டுகொள்ள மாட்டார்கள். உப்பலைப் பொறுத்தவரை ஏமாற்றுவது இரண்டாவதுதான். கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்டும் இப்படி உப்பத்தான் செய்யும். கழுவி வருகிற எம்-சாண்ட் லாரியிலிருந்து கொட்டும்போதே ஈரமாகத்தான் இருக்கும்.

எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பாத்திரம் வேண்டும். இடுப்பு ஒடுங்கிய தண்ணீர் பாட்டில் உதவாது. மணலைத் தட்டாமல், அமுக்காமல் முக்கால் அளவுக்குப் போட்டு, மேலே சமமாக்கி, ஸ்கேலை அடிவரை செருகி உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மணலை ஒரு தட்டில் சிந்தாமல் கொட்டிவிட்டு, பாத்திரத்தில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டுக் கம்பியால் குத்தி, காற்று முழுக்க வெளியேறியதும் சமமாக்கி அளந்து பாருங்கள். 16 செ.மீ. நின்றால் 4 செ.மீ. இறங்கியிருக்கிறது. அந்த 4-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும், 20-ஆல் அல்ல. விடை 25%. மேலே தனியாகப் படிகிற தூசி அடுக்கை மணலோடு சேர்த்து அளக்காதீர்கள். மணலையும் குவியலின் மேல்தோலிலிருந்து எடுக்கக் கூடாது, அது வெயிலில் காய்ந்திருக்கும். ஒரு முழம் உள்ளே தோண்டி எடுங்கள்.

இனி கணக்கு. எம்20 தரக் கான்கிரீட்டுக்குச் சைட்டில் போடுகிற 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு (35 லிட்டர்) காய்ந்த மணல் 52.5 லிட்டர். 25% உப்பிய மணலில் அதே 52.5 லிட்டரை அளந்து போட்டால் உள்ளே போவது 42 லிட்டர்தான். ஜல்லியில் இந்த உப்பல் கணக்கில் வராது, அது முழு அளவும் போய்விடும். ஆகவே ஜல்லிக்கு இடையில் நிரம்ப வேண்டிய சாந்து குறைந்து, கலவை முரடாகி, தூணின் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் விழும். கொத்தனார் அதைச் சரிசெய்யத் தண்ணீர் ஊற்றுவார். சட்டிக் கணக்கு என்றால் இன்னும் மோசம்: ஈர மணல் சட்டிமேல் கோபுரமாக நிற்கும், காய்ந்த மணல் சரிந்துவிடும்; இரண்டும் ஒரே ‘ஒரு சட்டி’.

பெட்டியிலேயே கோடு போட்டுவிடுவது நல்லது. உள்ளளவு 30 × 30 செ.மீ., உயரம் 40 செ.மீ. உள்ள பெட்டியில் 29 செ.மீ. சொச்சத்தில் காய்ந்த மணலுக்கான முதல் கோடு. அந்தக் கோடு வரை இரண்டு பெட்டி போட்டால் 52.5 லிட்டர். 20% உப்பலுக்கு 35 செ.மீ., 25%-க்கு 36.5, 30%-க்கு 38. ஆட்கள் எண்ணுவது எப்போதும் இரண்டு பெட்டிதான். கோடு மட்டும் மாறும்.

மணலைக் கூட்டியவர்கள் தண்ணீரைக் குறைக்க மறந்துவிடுவார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, எம்20-க்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. நாம் போட்ட மணல் காய்ந்த கணக்கில் 84 கிலோ. 5% ஈரம் என்றால் அதற்குள்ளேயே 4 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மிஷினில் ஊற்ற வேண்டியது 26 லிட்டர். 30-ஐயும் ஊற்றினால் மொத்தம் 34, நீர்-சிமெண்ட் விகிதம் 0.60-லிருந்து 0.68-க்குப் போய்விடும். ஆலையில் கலந்து வருகிற ரெடிமிக்ஸில் எடை போட்டுத்தான் கலக்கிறார்கள், அங்கே உப்பல் பிரச்சினை இல்லை. ஆனால் மணலின் ஈரத்தைத் தண்ணீரிலிருந்து கழிக்கிற வேலை அங்கேயும் உண்டு.

பூச்சு வேலையில் விளைவு எதிர்ப்பக்கம். 1:5 என்று அளந்தது 25% உப்பலில் 1:4 ஆகிவிடும். சிமெண்ட் வீண் என்பது ஒரு பக்கம். காய்ந்ததும் சுவரில் வலை வலையாக மயிர் வெடிப்பு வருவது இன்னொரு பக்கம். பூச்சு மணல் நைஸ் என்பதால் உப்பலும் அதிகம்.

லோடு வாங்கும்போதும் இதே கணக்குதான். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, 25% உப்பிய மணலில் 80 கன அடிதான் சரக்கு. எடைக்கு வாங்கினால் தண்ணீருக்குக் கொடுக்கிற காசு நூற்றுக்கு ஐந்து. கன அடிக்கு வாங்கினால் காற்றுக்குக் கொடுப்பது நூற்றுக்கு இருபது. பக்கத்தில் எடைமேடை இருந்தால் ஈர மணலை எடைக்கே வாங்குங்கள்.

காலையில் எடுத்த அளவு மதியத்துக்குச் செல்லாது. வெயில் ஏறினால் குவியலின் வெளிப்பக்கம் காய்ந்து உப்பல் குறையும், காலைக் கோட்டில் போட்டால் மணல் கூடிவிடும். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஒரு தடவை, மழை தூறினால் உடனே ஒரு தடவை அளந்து கோட்டை மாற்றுங்கள். தார்ப்பாய் போட்டு மூடி வைத்த குவியல் என்றால் நாளுக்கு ஒரு அளவே போதும்.