தை மாத மேற்கு வானம்

2025 ஜனவரி 16, வியாழன்
காணும் பொங்கல். மேற்கே சூரியன் விழ, கிழக்கே செவ்வாய் ஏறியது. இன்று இரண்டும் நேர் எதிரெதிர். 12ஆம் தேதிதான் செவ்வாய் நமக்கு மிக அருகில் வந்தது, 9.6 கோடி கிலோமீட்டர். 2003இல் 5.6 கோடிக்கு வந்ததோடு ஒப்பிட்டால் இது சுமார்தான். ஆனாலும் தென்கிழக்கில் இருக்கும் சிரியஸ் விண்மீனுக்கு ஈடான வெளிச்சம். சிரியஸ் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, செவ்வாய் அசையாமல் எரிகிறது. கயத்தாறு பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வேறு கண்ணைப் பறிக்கின்றன. அணைந்து அணைந்து எரிவதால் அவற்றை ஒதுக்கிவிடலாம்.

ஜனவரி 21, செவ்வாய்
18ஆம் தேதி வெள்ளியும் சனியும் இரண்டு டிகிரி நெருக்கத்தில் இருந்தன. கையை நீட்டினால் கட்டைவிரல் அகலம், அவ்வளவுதான். இன்று வெள்ளி மேலே ஏறிவிட்டது. சனி ரொம்ப மங்கல். இப்போது அதன் வளையங்கள் நமக்கு விளிம்பைக் காட்டி நிற்பதும் ஒரு காரணம்.

ஜனவரி 25, சனி
"தம்பி, இன்னைக்கு ராத்திரி ஆறு கிரகமும் வரிசையா நிக்குதாமே?" பக்கத்து வீட்டு அண்ணாச்சி வாட்ஸ்அப்போடு வந்தார். மாடிக்குக் கூட்டிப்போனேன். மேற்கே வெள்ளி, சனி. உச்சியில் ரோகிணிக்குப் பக்கத்தில் வியாழன். கிழக்கே செவ்வாய். யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் கருவி வேண்டும் என்றதும் முகம் வாடிவிட்டது. கிரகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில் சூரியனைச் சுற்றுகின்றன. அதனால் எப்போது பார்த்தாலும் வானத்தில் ஒரு கோட்டை ஒட்டித்தான் இருக்கும். இதே காட்சி நேற்றும் இருந்தது, அடுத்த வாரமும் இருக்கும். இதற்கு எதற்கு ஒரு தேதி குறிக்கிறார்களோ!

ஜனவரி 29, புதன்
தை அமாவாசை, நல்ல இருட்டு. ஒன்பதரைக்குத் தெற்கே அகத்தியர் விண்மீன். சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமானது, 310 ஒளியாண்டு தூரம். டெல்லிக்காரர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும், நமக்கு நன்றாக மேலேயே நிற்கிறது. கிரகங்களை மறந்து இதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 1, சனி
வெள்ளிக்குப் பக்கத்தில் பிறை. தெருவே பார்த்தது.

பிப்ரவரி 24, திங்கள்
செவ்வாய் வக்ர நிவர்த்தி, அதாவது அதன் பின்னோக்கிய நகர்வு இன்றோடு முடிகிறது. உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி அதை முந்தும்போது, நாம் ஏறிய பஸ் முந்திய லாரி பின்னால் போவதுபோல, செவ்வாயும் சில மாதம் பின்னோக்கி நகர்வதாகத் தெரிகிறது. இப்போது வெளிச்சம் ஜனவரியில் இருந்ததில் பாதிகூட இல்லை. புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்கள் பக்கத்திலேயே இருப்பதால் அடையாளம் காண்பதில் சிரமமில்லை.

மார்ச் 8, சனி
புதன் கிடைத்தது! சூரியன் மறைந்து அரைமணி கழித்து, வெள்ளிக்கு இடப்பக்கம், கொஞ்சம் கீழே. இந்த முறை சூரியனை விட்டு அதிகபட்சம் 18 டிகிரிதான் விலகுகிறது, அதுவும் இன்றைக்குத்தான். அடிவானத்தில் மரமோ மேகமோ இருந்தால் போச்சு. கரிசல் காட்டில் அந்தத் தொல்லை இல்லை.

வெள்ளியும் வேகமாக இறங்குகிறது. பைனாகுலரில் மெல்லிய பிறையாகத் தெரிந்தது. 23ஆம் தேதி பூமிக்கும் சூரியனுக்கும் இடையே கடந்து, அப்புறம் கிழக்கே விடிவெள்ளியாக வரும். பால் கறக்க எழும் அண்ணாச்சி எனக்கு முன்னாலேயே அதைப் பார்த்துவிடுவார்.