இரண்டு பவுன்

28 ஆகஸ்ட் 2025, வியாழன்

புனித அகுஸ்தினார் திருநாள். 430-ல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் சாகக் கிடந்தபோது, தாவீது அரசரின் மனவருத்தப் பாடல்களை எழுதி எதிர்ச்சுவரில் மாட்டச் சொல்லி, படுத்தபடியே வாசித்து அழுதாராம். அவ்வளவு பெரிய ஆயர்!

என் அலமாரியில் அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றுவிட்டதாகத் தங்கையிடம் சொல்லி ஆறு வருடம் ஆகிறது.

29 ஆகஸ்ட்

பெங்களூரு சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் அன்னையின் பிறப்பு விழாவுக்குக் கொடியேற்றம். எங்கே பார்த்தாலும் காவிச் சேலை. சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். என் முறை வரும் நேரத்தில் நழுவி வந்துவிட்டேன்.

2 செப்டம்பர்

இன்று போனேன். முதலில் சில்லறைப் பாவங்களைச் சொன்னேன். அப்புறம் சங்கிலிக்கு வந்தேன். ராத்திரியெல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான்தான், தங்கை எப்போதாவதுதான் வருவாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். சாமியார் மெதுவாகச் சொன்னார்: "அதெல்லாம் சரிம்மா. நீங்க செஞ்சதை மட்டும் சொல்லுங்க."

"திருடினேன், சாமி."

அந்த ஒரு சொல்லுக்கு ஆறு வருடம்! சொன்னதும் நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கிவிட்டது. பாவமன்னிப்பு தந்து, பொருளை உரியவரிடம் சேர்க்கச் சொல்லி, பரிகாரமாகச் செபிக்கத் திருப்பாடல் 51 கொடுத்தார். தாவீதின் பாவத்தை இறைவாக்கினர் நாத்தான் வந்து கண்டித்தபின் அவர் பாடியது. அதில் மன்னிப்பை மட்டும் தாவீது கேட்கவில்லை, மீட்பின் மகிழ்ச்சியையும் திருப்பிக் கேட்கிறார். பாவம் செய்தவள் மகிழ்ச்சியைக் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. பீடத்தின் முன் முழந்தாளிட்டு, வெட்கமில்லாமல் கேட்டேன். வீடுவரை நடந்தே வந்தேன், பஸ் ஏறத் தோன்றவில்லை.

4 செப்டம்பர்

லிங்கராஜபுரம் போய்ச் சங்கிலியைத் தங்கை கையில் கொடுத்தேன். தேய்ந்த கொக்கியில் அம்மா சுற்றிய சிவப்பு நூல் அப்படியே இருந்தது. அதைத்தான் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். "ஏன்க்கா பொய் சொன்ன?" என்றாள். காரணங்கள் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிவிட்டு, "தப்பு என்னோடதுதாம்மா, மன்னிச்சிரு" என்றேன். உள்ளே போய்விட்டாள். வெளியே வரவே இல்லை.

8 செப்டம்பர், திங்கள்

அன்னையின் பிறப்பு விழா. தங்கை இன்னும் போனை எடுக்கவில்லை. அவள் கோபம் நியாயமானது. எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும், நான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். சாயங்காலம் தேர் வந்தபோது ஜனம் நெருக்கித் தள்ளியது. ஆறு வருடமாகத் திருவிழாவில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த நான், இன்று தொண்டை கட்டும்வரை பாடினேன்.