வாடியில் ஐந்து மேசை

புறக்கோட்டையில் ஒரு வாசனைத் திரவிய ஏற்றுமதிக் கடையில் பதினெட்டு வருஷம் கணக்கெழுதினேன். குளித்தாலும் சட்டையில் கறுவா மணக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது பிடிக்கும், எனக்குத்தான் சலித்துவிட்டது.

2005 வாக்கில் எங்களுக்கு வந்த தலையிடி கந்தகம். நிறம் எடுப்பாக இருக்கவும் பூச்சி பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும் கறுவாவுக்குக் கந்தகப் புகை போடுவது பழைய வழக்கம். ஐரோப்பியச் சட்டத்திலோ கறுவாவில் சல்பர் டைஒக்சைட்டுக்கு இடமே இருக்கவில்லை. ஒரு கொள்கலன் திரும்பி வந்த அன்று முதலாளி மத்தியானம் சாப்பிடவில்லை. 2006இல் சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்று வரம்பு வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. இறக்குமதித் தீர்வை எங்களுக்கு ஒருநாளும் பிரச்சினையாக இருக்கவில்லை. ஆய்வுகூடமும் அழுக்கும்தான் பிரச்சினை.

அதனால், 2005இல் உலக வர்த்தக நிறுவனத்தின் ஹொங்கொங் மாநாட்டில் ஏழை நாடுகளுக்கு 'வர்த்தகத்துக்கான உதவி' என்று பேசினார்கள் எனப் பேப்பரில் படித்தபோது சிரித்தேன். உதவி என்றால் ஹோட்டலில் செயலமர்வு, கோப்பு, பகல் சாப்பாடு. அதில் நானும் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் கறுவா விஷயத்தில் பணம் வாடி, அதாவது கறுவா உரிக்கும் கொட்டில் வரைக்கும் வந்தது. உணவுப் பாதுகாப்புத் தரத்துக்கென்று ஜெனீவாவில் உலக வர்த்தக நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும் நிதியம் ஒன்று பணம் போட்டது, ஐ.நா.வின் கைத்தொழில் அபிவிருத்தி அமைப்பான யுனிடோ வேலையை நடத்தியது, கொஸ்கொடவில் பயிற்சிக் கல்லூரி ஒன்று எழுந்தது.

பழைய வாடியைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். உரிப்பவர் நிலத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்திருப்பார். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, கத்தியால் கீறிப் பட்டையைச் சுருளாகக் கழற்றுவார். சுருளுக்குள் சுருள் செருகி 42 அங்குலத்துக்கு நீட்டுவார். அளவுகோல் ஒரு தடி, மற்றதெல்லாம் கைக்கணக்கு. பக்கத்தில் கோழி, வெற்றிலைச் சாறு, பீடிச் சாம்பல். அந்தச் சுருள்தான் அல்பா என்ற உயர்தரப் பெயரோடு கப்பல் ஏறும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை காலிப் பக்கம் போனபோது பழக்கமான ஒருவரின் வாடிக்குப் போனேன். நிலத்துக்கு ஓடு பதித்திருந்தார், கை கழுவ பேசின் வைத்திருந்தார், உரிக்க ஐந்து துருப்பிடிக்காத மேசை. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' பெயருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார். அமெரிக்காவில் இன்னும் வேறு இன மரத்தின் கசியாப் பட்டையும் சினமன்தான் என்று சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

"பெடியன்கள் வருகிறார்கள் இல்லை, மாத்தயா" என்றார் சிங்களத்தில். உரிக்கிற வேலை என்றால் பெண் கொடுக்க மாட்டார்களாம். அவருடைய சொந்த மகன் கொழும்பில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான்.

இரண்டு மேசையில் கிழவர்கள் உரித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற மூன்றிலும் குடைகளும் சாப்பாட்டுப் பார்சல்களும் இருந்தன.