தரைக்குக் கொடுக்கும் கனம்

நடன அசைவு சிகிச்சையாளராக வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை பெறும் ஐந்து பேர் என் குழுவில் இருந்தார்கள். வேகமான பாட்டைப் போட்டு நாற்பது நிமிடம் ஆடவிட்டேன். அவர்களிலேயே மெலிந்தவள், பத்தொன்பது வயதுப் பெண், உட்காரவே இல்லை. "இன்னொரு தடவை அக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நடனம் அவள் மனதைத் திறந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். மாலையில் நடந்த கூட்டத்தில் எங்கள் மனநல மருத்துவர் ஒன்றுதான் கேட்டார்: "அவ ஆடினாளா, கலோரி எரிச்சாளா?"

எனக்கு முகம் வெளுத்துவிட்டது. உடம்பு வைத்துவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்சியா நோய் உள்ளவர்களுக்கு நிற்காமல் இயங்குவதும் நோயின் ஒரு முகம். 1870களிலேயே லண்டன் மருத்துவர் வில்லியம் கல், இத்தனை இளைத்த உடம்பு எப்படி இவ்வளவு நடமாடுகிறது என்று வியந்து எழுதியிருக்கிறார். நான் மருந்து என்று நினைத்துக் கொடுத்தது நோய்க்குத் தீனியாகிவிட்டது.

அதற்குப் பிறகு அறையே மாறியது. சுவர் முழுக்க இருந்த கண்ணாடியைப் போர்வையால் மூடினோம். இளைத்தது, உடம்பு வைத்தது என்ற பேச்சு உள்ளே வரக்கூடாது. "அழகா ஆடினே" என்றுகூட நான் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் யாரோ ஒரு அத்தை "நல்லா பூசினாப்ல ஆயிட்டியே" என்று பாசமாகச் சொன்ன சொல்லை மூன்று வருடமாகச் சுமப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். உள்ளே வருமுன் நர்ஸ் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார். சாப்பிட்டதை வலிய வாந்தி எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை முடிவும் வேண்டும். எண்கள் சரியில்லாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை, அல்லது வேலையே இல்லை. பெற்றோர் "எப்படியாவது சாப்பிட வச்சிருங்க மேடம்" என்பார்கள். அது மருத்துவரும் உணவு ஆலோசகரும் குடும்பமும் சேர்ந்து செய்ய வேண்டியது. அந்த உடம்புக்குள் அவள் கொஞ்ச நேரம் பயமில்லாமல் இருக்க முடியுமா என்று பார்ப்பது என் பங்கு.

1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் நடனத்தைச் சிகிச்சையாக்கும் இந்தப் பணியைத் தொடங்கியவர் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர். அவர் நோயாளிகளுக்கு நடனம் சொல்லித்தரவில்லை. அவர்கள் விரலைத் தட்டினால், அதே தட்டலைத் தன் உடம்பில் வாங்கித் திருப்பித் தந்தார். பதினைந்து வருடம் பரதம் ஆடிய எனக்கு இது எளிதாக வரவில்லை. குருவின் தட்டுக்கழிக்கு ஆடியே பழகிய கால் இது. இன்னொருவரின் அசைவுக்காகக் காத்திருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது.

அசைவைப் பகுத்துப் பார்த்த ருடால்ஃப் லாபான் சொல்லும் கூறுகளில் ஒன்று 'வெயிட்'. முதலில் இதை 'எடை' என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சொல்லைக் கேட்டதுமே தோள்கள் இறுகின. எடை தராசுக்குச் சொந்தமான சொல். 'கனம்' என்று மாற்றினேன். "பாதத்தோட கனத்தைத் தரைகிட்ட குடு" என்றால் யாரும் பயப்படவில்லை. பரதத்தில் முதலில் கற்கும் தட்டடவின் முதல் தட்டு இதற்கு உதவியது. தாளம் இல்லை, முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி இல்லை. ஒரு பாதம், ஒரு தட்டு, பிறகு நிறுத்தம். அந்த நிறுத்தம்தான் அவர்களுக்கு மிகக் கடினம்.

அதே பெண்ணுடன் ஒருநாள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தேன். சாயச் சொன்னேன். அவள் முதுகெலும்பின் கணுக்கள் என் சட்டை வழியே ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆனால் சாயவில்லை. என்மேல் பாரம் விழாதபடி வயிற்றை இறுக்கி, தன்னைத் தானே தூக்கிப் பிடித்திருந்தாள். மூச்சு மேல்மார்போடு நின்றது.

"நான் கனமா இருக்கேனா அக்கா?"

"இல்லம்மா" என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் கனமில்லாமல் இருப்பதுதான் நல்லது என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். "நீ இருக்கிறது எனக்குத் தெரியுது" என்றேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு தோள்பட்டை மட்டும் இறங்கியது. அந்த இடத்தில் சூடு ஏறுவது தெரிந்தது. மூன்று நிமிடம் இருக்கும். அவள் அழுதாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. நாடித்துடிப்பு குறைந்து மறுபடி வார்டில் சேர்த்திருந்தார்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பத்து நிமிடம் போனேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மற்றொரு கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, நான் கேட்காமலே, என் உள்ளங்கைமேல் வைத்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. "இன்னிக்கு இவ்ளோதான் அக்கா" என்று சொல்லிவிட்டு, மெதுவாக அழுத்தினாள்.